டிராஃப்ட்டில் முதலிடம்: திரும்பக் கல்லூரியா, நேராக என்.எச்.எல்லா?

ஐஸ் ஹாக்கியில் ஒரு வசதி உண்டு. வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்லில் ஆடும் ஓர் அணி, இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் ஒருவரை எடுத்துவிட்டாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவரை கல்லூரி அணியிலேயே ஆடலாம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தடுப்பாட்டக்காரர் ஓவன் பவர் அதைத்தான் செய்தார். 2021இல் பஃபலோ அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. அவரோ இன்னொரு சீசனுக்குக் கல்லூரிக்கே திரும்பினார். இரண்டாவதாகத் தேர்வான மேட்டி பெனியர்ஸும் கூடவே திரும்பினார். இப்படியொரு கூட்டணி இருந்தும் கல்லூரிகளுக்கான தேசியக் கோப்பை கிடைக்கவில்லை. அரையிறுதியில் டென்வர் பல்கலைக்கழகத்திடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். ஆனால் அதே சீசனில் பவர் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கனடாவுக்கு ஆடினார். அது சும்மா கிடைக்கிற அனுபவமா?

பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மேக்ளின் செலப்ரினி கதை வேறு. 38 ஆட்டங்களில் 64 புள்ளிகள் (போட்ட கோல், கோலுக்குச் செய்த உதவி ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி), சிறந்த கல்லூரி வீரருக்கான ஹோபி பேக்கர் விருது. அதற்குமேல் கல்லூரியில் என்ன மிச்சம்? 2024இல் சான் ஹோசே அணி முதல் ஆளாக எடுத்ததும் கையெழுத்திட்டார். முதல் ஆட்டத்திலேயே கோல். அப்புறம் காயம், சில வாரம் ஓய்வு. ஆனாலும் அந்த சீசனை 63 புள்ளிகளோடு முடித்தார். அணி என்னவோ கடைசி இடம்தான்.

என் கணக்கில், தடுப்பாட்டக்காரர் என்றால் இன்னொரு வருடம் கல்லூரி நல்லது. அந்த இடத்தில் ஒரு தப்பு நேராக கோலில் போய் முடியும். செலப்ரினி மாதிரி கோல் போடுகிறவரை நிறுத்திவைப்பது வீண்.