தூசு நெபுலாவைப் படம்பிடிக்க மோனோ கேமராவா, கலர் கேமராவா?

செபியஸ் விண்மீன் குழுவில் உள்ள ஐரிஸ் நெபுலாவை, அதாவது என்.ஜி.சி. 7023-ஐ, மூன்று நிமிட எக்ஸ்போஷரில் எடுத்துத் திரையில் பார்த்தால், ஏழாம் ஒளியளவுள்ள ஒரு விண்மீனும் அதைச் சூழ்ந்த நீல இதழ்களும் மட்டுமே கண்ணுக்குப் படும். இதழ்களுக்கு வெளியே படத்தின் நான்கு மூலைகள்வரை பரவியிருக்கும் பழுப்புத் தூசு, மணிக்கணக்கில் எடுத்த படங்களை அடுக்கிச் சேர்த்த பிறகே மெல்ல வெளிப்படும். அந்தத் தூசை வெளிக்கொண்டுவர எந்தக் கேமரா ஏற்றது என்பதுதான் இங்கே அலசப்படுகிறது. ஒரே சென்சார் குடும்பத்தின் மோனோ (ஒளியின் அளவை மட்டும் பதிவது; நிறங்களை ஃபில்டர் மாற்றி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்), கலர் (எல்லா நிறங்களையும் ஒரே படத்தில் பதிவது) வடிவங்கள் இரண்டும் ஒரே தொலைநோக்கியில் பொருத்தப்படுவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில், குறிப்பிட்ட சில அலைநீளங்களை மட்டும் விடும் குறும்பட்டை ஃபில்டர்களை இந்தப் போட்டியிலிருந்து விலக்கிவிடலாம். கார்த்திகைக் கூட்டத்தின் நெபுலா ஒளியை 1912-இல் ஆராய்ந்த வெஸ்டோ ஸ்லைஃபர், அதன் நிறமாலை அருகிலுள்ள விண்மீனின் நிறமாலையையே ஒத்திருப்பதைக் கண்டறிந்தார். தூசு தானாக ஒளிர்வதில்லை. விண்மீன் ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே அதன் ஒளி நிறமாலை முழுவதும் பரந்து கிடக்கிறது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் மட்டும் விடும் இருபட்டை ஃபில்டரைப் போட்டால், தெரு விளக்கொளியோடு தூசின் ஒளியும் வெட்டுப்பட்டுவிடும். ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பெருமளவு தடுக்கும் சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்கும் இதே காரணத்தால் இந்த இலக்கில் பெரிய குறையில்லை என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் அறிந்திருப்பது நல்லது.

இனி ஒளிக்கணக்குக்கு வருவோம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, கலர் சென்சாரில் பாதிப் பிக்சல்கள் பச்சைக்கும், கால்வாசி சிவப்புக்கும், கால்வாசி நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. எந்தப் பிக்சலை எடுத்தாலும், அதன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ளே செல்கிறது. மோனோ கேமராவில் லூமினன்ஸ் ஃபில்டரை வைத்தால், 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி முழுவதும் எல்லாப் பிக்சல்களுக்கும் கிடைக்கும். ஆறு மணி நேரத்தில் மூன்றை லூமினன்ஸுக்கும், நிறங்களுக்குத் தலா ஒரு மணியையும் கொடுத்தால், மோனோவில் சேரும் மொத்த ஒளி நான்கு லூமினன்ஸ் மணிக்குச் சமம்; அதே ஆறு மணியில் கலர் கேமராவில் சேர்வது இரண்டு மணிக்குச் சமம். ஆக மோனோவின் ஆதாயம் இரு மடங்கு ஒளி, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் (படத்தில் தோன்றும் தற்செயலான புள்ளிகளுக்கும்) உள்ள விகிதத்தில் சுமார் 1.4 மடங்கு. மெய்யான ஆதாயம்தான், ஆனால் விளம்பரங்களைப் படிக்கும்போது மனத்தில் உருவாகும் எதிர்பார்ப்பைவிட இது சிறியது.

நிறத்தைத் தனியாகக் கணக்கிட்டால் தட்டு மறுபக்கம் சாய்கிறது. அந்த மோனோ அமர்வில் சிவப்புக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம். கலர் கேமராவிலோ ஆறு மணியில் கால் பங்கு, அதாவது ஒன்றரை மணிக்குச் சமமான சிவப்பு, நீலமும் அவ்வளவே, பச்சை மூன்று மணி. தூசைப் பொறுத்தவரை இது சிறிய விஷயமல்ல. விண்மீனுக்கு அருகில் நீலம், தூரம் செல்லச் செல்லச் சாம்பல், அடர்ந்த இடங்களில் பழுப்பு, நடுவே புற ஊதா ஒளியால் தூண்டப்பட்டுச் சிவப்பாக ஒளிரும் மெல்லிய இழைகள் என்று ஐரிஸின் அழகு முழுவதும் நுட்பமான நிற வேறுபாட்டில் இருக்கிறது. நிறத்துக்குப் போதிய நேரம் கொடுக்காத மோனோ படத்தை முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள்: வடிவம் வழவழப்பாக இருக்கும், அதன்மேல் பச்சையும் இளஞ்சிவப்பும் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும். அவற்றை மழுங்கடித்தால் மங்கிய தூசின் பழுப்பும் கூடவே போய்விடும். அதே சமயம், பேயர் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று கசியக்கூடியவை. தனி ஃபில்டர்கள் நிறங்களைத் துல்லியமாகப் பிரிக்கின்றன. அந்த மேன்மை மோனோவுக்கு உண்டு.

கூர்மை பற்றிய வாதம் இந்த இலக்கில் எடுபடாது. தூசு மேகங்கள் பரந்தவை, ஓரங்கள் மென்மையானவை. படத்தைப் பாதி அளவுக்குச் சுருக்கினாலும் பெரிதாக எதையும் இழக்கப்போவதில்லை.

எனக்கு அதிகம் முக்கியமாகப்படுவது இரவுகளின் இயல்பு. கலர் கேமராவில் மேகம் எந்த நிமிடத்தில் வந்தாலும், அதுவரை எடுத்தது ஒரு முழுப்படம். மோனோவில் நீலத்தை முடிக்காமல் இரவு போய்விட்டால், அடுத்த இருண்ட, தெளிந்த இரவுவரை படம் காத்திருக்க வேண்டும். அந்த இரவில் நிலவின் நிலையும் நெபுலாவின் உயரமும் வேறாக இருக்கும்; ஆகவே பின்னணி ஒளியின் சரிவு, அதாவது படத்தின் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருட்டாகவும் இருக்கும் வேறுபாடு, ஒவ்வொரு நிறத்திலும் ஒவ்வொரு திசையில் ஓடும். மோனோ வைத்திருப்பவர்கள் ஒரே ஃபில்டரில் மணிக்கணக்கில் எடுக்காமல், சில படங்களுக்கு ஒருமுறை ஃபில்டர் சக்கரத்தைச் சுழற்றுவது இந்தச் சிக்கலைப் பெருமளவு குறைக்கும். ஃபில்டருக்கு ஃபில்டர் ஃபோகஸ் மாறும் தொலைநோக்கியில் அதற்கான நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இந்த இரு மடங்கு ஆதாயத்தை வானத்தின் இருளோடு ஒப்பிட்டால்தான் அதன் உண்மையான அளவு புரியும். சதுர ஆர்க்செகண்டுக்கு (வானத்தின் மிகச் சிறிய ஒரு சதுரப் பரப்புக்கு) 21.5 மேக்னிட்யூட் (ஒளியளவு; எண் கூடக்கூட இருள் கூடும்) உள்ள இருண்ட வானத்துக்கும் 18.5 உள்ள ஒளி மிகுந்த வானத்துக்கும் பிரகாசத்தில் சுமார் 16 மடங்கு வேறுபாடு. பின்னணி ஒளியே இரைச்சலை ஆளும் இத்தகைய மங்கிய இலக்குகளில், இருட்டில் நான்கு மணி நேரத்தில் கிடைப்பதைப் பெற வெளிச்ச வானத்தில் 64 மணி நேரம் வேண்டும். எந்த மோனோ கேமராவும் இந்த இடைவெளியை நிரப்பாது. நேரத்தைக் கொட்டினாலும் ஒளிச்சரிவு குறையாது, ஏனெனில் அது அடுக்கிச் சேர்த்தால் சராசரியாகிக் கரையும் தற்செயல் இரைச்சல் அல்ல. அதை நீக்க மென்பொருளில் வெற்று வானத்தின் ஒளியை அளக்கும் மாதிரிப் புள்ளிகள் வைக்கும்போது, வெற்று வானம் என்று நினைத்துத் தூசின்மேலேயே வைத்து அழித்துவிடும் அபாயம் உண்டு. 1983-இல் ஐராஸ் செயற்கைக்கோள் 100 மைக்ரான் அலைநீளத்தில் எடுத்த வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டால், தூசு உண்மையில் எங்கே அடர்ந்திருக்கிறது, எங்கே விலகியிருக்கிறது என்று தெரிந்து புள்ளிகளை வைக்கலாம். மோனோவில் இந்த வேலையை நான்கு அடுக்குகளுக்கும் தனித்தனியே செய்ய வேண்டியிருக்கும்.

எனவே, இருண்ட இடத்துக்குப் பயணம் செய்து ஓரிரு இரவுகளில் படத்தை முடிக்க வேண்டியவருக்குக் கலர் கேமராவையே பரிந்துரைப்பேன். இருண்ட வானத்தின் கீழ் நிலையாக நிறுத்திய தொலைநோக்கி கொண்டு, ஒரே இலக்குக்குப் பல இரவுகள் திரும்பிவர முடிந்தவருக்கு மோனோ தன் முழுப் பலனைத் தரும். அவரும் லூமினன்ஸ் ஆசையில் நிறங்களின் நேரத்தைப் பாதிக்குக் கீழே குறைக்காமல் இருப்பது நல்லது. இருவர் கூட்டாக இயங்கினால் மூன்றாவது வழி ஒன்றும் திறக்கிறது: ஒருவர் மோனோவில் லூமினன்ஸ் மட்டும், மற்றவர் அதே இரவில் கலர் கேமராவில் நிறம் மட்டும் எடுத்து, இரண்டையும் ஒரே அளவுக்குப் பொருத்தி இணைக்கலாம். ஃபில்டர் சக்கரமும் தேவையில்லை. ஒருவர் லூமினன்ஸுக்கும் மற்றவர் நிறத்துக்கும் இரவு முழுவதையும் கொடுக்க முடிகிறது.