கிலோமீட்டருக்கு ஏழு நிமிட வேகத்துக்குக் கார்பன் ஷூ எதற்கு? மூன்று வகை ஓட்ட ஷூக்கள், நேருக்கு நேர்

2017-ல் நைக்கி, அடிப்பாகத்துக்குள் கார்பன் தகடு வைத்த ஒரு பந்தய ஷூவுக்குப் பெயரிலேயே சதவீதத்தை வைத்தது: வேப்பர்ஃபிளை 4%. அந்த 4 எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 18 பேரை மணிக்கு 14, 16, 18 கி.மீ. வேகங்களில் ஓடவிட்டு அளந்தார்கள். ஷூக்களின் எடை வித்தியாசம் கணக்கைக் கெடுக்காதபடி எல்லாவற்றையும் சம எடையாக்கினார்கள். அன்றைய மற்ற பந்தய ஷூக்களைவிட இதில் உடல் செலவிட்ட ஆற்றல் சராசரியாக 4% குறைந்தது. ஓடியவர்களோ 10 கி.மீ. தூரத்தை 32 நிமிடத்துக்குள் முடிக்கக்கூடியவர்கள். கிலோமீட்டருக்கு ஆறரை, ஏழு நிமிடம் எடுப்பவர்கள் மணிக்கு 9 கி.மீ. சுற்றில் ஓடுகிறார்கள். அந்தச் சோதனையின் மிகக் குறைந்த வேகமே அவர்களுக்கு முழுமூச்சு ஓட்டம்.

மெதுவான வேகத்துக்கான அளவீடு 2023-ல் வெளிவந்தது. அதே வரிசையில் பின்னால் வந்த வேப்பர்ஃபிளை ஷூவைப் போட்டு 16 பேர் ஓடினார்கள். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் சராசரி ஆற்றல் சேமிப்பு 1.4%, 10 கி.மீ. வேகத்தில் 0.9%. சராசரியைவிட ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம்தான் பெரிது. சிலருக்கு நல்ல பலன், சிலருக்குச் சாதாரண ஷூவைவிடக் கூடுதல் ஆற்றல் செலவு. வேகம் குறையும்போது கால் தரையில் இருக்கும் நேரம் நீளும், விசை குறையும், அடிப்பாகத்தில் மெத்தையாக இருக்கும் ஃபோம் அமுங்குவதும் குறையும். அமுங்காத ஃபோம் திருப்பித் தர ஒன்றும் இல்லை.

இருந்தாலும் 0.9% என்பதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது. வேகமாக ஓடுபவர் சேமித்ததில் ஒரு பங்கைக் காற்றுத் தடை தின்றுவிடுகிறது. மெதுவாக ஓடுபவருக்கு அந்த இழப்பு குறைவு, 1% ஆற்றல் மிச்சமானால் ஏறக்குறைய 1% வேகம் கூடும். 60 நிமிடத்தில் 10 கி.மீ. ஓடுபவருக்கு அது அரை நிமிடத்துக்குச் சற்று மேல். நாலரை மணி நேர மாரத்தானில் இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த இரண்டரை நிமிடத்துக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதுதான் பேச்சு.

களத்தில் இருப்பவை மூன்று வகை. முதல் வகை, ஈவிஏ என்ற வழக்கமான ஃபோம் அல்லது அதன் கலவையில் மிட்சோல் (அடிப்பாகத்தின் நடு மெத்தை) கொண்ட தினசரி ஷூ: புரூக்ஸ் கோஸ்ட், ஏசிக்ஸ் கியூமுலஸ் போன்றவை. இரண்டாவது, பந்தய ஷூவுக்கு நெருக்கமான ஃபோம் உண்டு, கார்பன் தகடு கிடையாது. சாக்கனி எண்டார்ஃபின் ஸ்பீடில் நைலான் தகடு இருக்கும், ஏசிக்ஸ் சூப்பர்பிளாஸ்டில் தகடே இல்லை. மூன்றாவது, கார்பன் தகடு வைத்த பந்தய ஷூ: வேப்பர்ஃபிளை, ஆல்ஃபாஃபிளை, அடிடாஸ் அடியோஸ் புரோ, ஏசிக்ஸ் மெட்டாஸ்பீடு.

தகடா, ஃபோமா?

பலரும் தகடுதான் ஸ்பிரிங் மாதிரி காலை உந்தித் தள்ளுகிறது என்று நினைக்கிறார்கள். கடைகளிலும் ஷூவை வளைத்துக் காட்டி அப்படித்தான் விற்கிறார்கள். ஆய்வாளர்கள் வேப்பர்ஃபிளையின் தகட்டைக் குறுக்கே பல இடங்களில் அறுத்து, அதன் விறைப்பைப் போக்கிவிட்டு ஓட வைத்தார்கள். ஆற்றல் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. தகடு கட்டைவிரல் மூட்டு வளைவதைக் குறைக்கிறது, மெத்தென்ற உயரமான ஃபோம் கன்னாபின்னாவென்று நெளியாமல் பிடித்துக்கொள்கிறது. பெரிய வேலையைச் செய்வது ஃபோம். 2018-ல் வெளியான அந்தக் கொலராடோ ஆய்விலேயே அளந்தபோது, அமுக்கக் கொடுத்த ஆற்றலில் வேப்பர்ஃபிளையின் பெபா என்ற ஃபோம் 87% திருப்பித் தந்தது. அடிடாஸின் பூஸ்ட் ஃபோம் 76%, ஈவிஏ ஃபோம் 65.5%.

இதோடு எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஆற்றல் செலவு சுமார் 1% கூடும் என்பது பழைய, பலமுறை சரிபார்த்த கணக்கு. தினசரி ஷூ 280 கிராம், பந்தய ஷூ 200 கிராம் என்றால் எடையால் மட்டுமே 0.8% கையில் வந்துவிடும். ஆகவே இலேசான, கார்பன் தகடில்லாத, நல்ல ஃபோம் போட்ட இரண்டாவது வகை, சாதாரண வேகத்தில் ஓடுபவருக்குப் பந்தய ஷூ தரும் பலனில் பெரும்பங்கைத் தந்துவிடும் என்பதே எங்கள் கணிப்பு. உலகத் தடகள அமைப்பு 2020-ல் சாலைப் பந்தயத்துக்கு அடிப்பாக உயரம் 40 மி.மீ., ஒரே ஒரு தகடு என்று வரம்பு போட்டது. சூப்பர்பிளாஸ்ட் அந்த 40-ஐத் தாண்டியது. பரிசுக்கு ஓடாதவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

எது எவ்வளவு நாள் உழைக்கும்?

பந்தய ஷூ பின்தங்குவது இங்கேதான். பெபா, ஈவிஏ இரண்டையும் 450 கி.மீ. ஓடித் தேய்த்த பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புதிதாக இருந்தபோது பெபாவுக்கு இருந்த முன்னிலை தேய்ந்தபின் காணாமல் போனது. ஈவிஏ ஏறக்குறைய ஆரம்பத்தில் இருந்தபடியே இருந்தது. வாரம் 30 கி.மீ. ஓடுபவர் எல்லா ஓட்டத்துக்கும் பந்தய ஷூவையே போட்டால், எந்தப் பலனுக்காக வாங்கினாரோ அது 15 வாரத்தில் கரைந்துவிடும். 2023 பெர்லின் மாரத்தானில் எத்தியோப்பிய வீராங்கனை டிகிஸ்ட் அசெஃபா 2:11:53-ல் ஓடிப் பெண்கள் உலக சாதனை செய்தபோது போட்டிருந்த 138 கிராம் ஷூவுக்கு, ஒரு மாரத்தானும் அதற்கு முந்திய பழக்க ஓட்டமும்தான் ஆயுள் என்று தயாரித்த அடிடாஸ் நிறுவனமே சொன்னது. அது கோடியில் ஒரு ஷூ என்றாலும் இந்த வகை எந்தப் பக்கம் போகிறது என்று காட்டுகிறது.

இரண்டாவது வகையிலும் பெபாதான் என்றால் அதுவும் தேயும். ஆனால் அடியில் ரப்பர் கூடுதல், மேல்துணி தடிப்பு, குதிகால் அகலம். அதனால் பலன் போன பிறகும் தினசரி ஷூவாக ஓட்டலாம். பந்தய ஷூவை அப்படி இறக்கிப் பயன்படுத்த முடியாது.

காயம்

பந்தய ஷூவால் காயம் வரும் என்றோ வராது என்றோ அடித்துச் சொல்லும் பெரிய ஆய்வு எங்கள் பார்வைக்கு வரவில்லை. கார்பன் தகட்டு ஷூ போட்டு ஓடியவர்களில் பாதத்தின் நடுவே உள்ள நாவிகுலர் எலும்பில் தொடர் அழுத்தத்தால் காயம் ஏற்பட்ட 5 பேரைப் பற்றி 2023-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஐந்து பேரை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் வலியின் இடத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: கணுக்காலுக்கு முன்னால், பாதத்தின் மேல்புறம், உள்பக்கமாக. அங்கே விரலால் அழுத்தினால் குறிப்பாக ஒரே புள்ளியில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆற நாளாகும்.

அன்றாடம் வரும் தொல்லை வேறு. திருப்பத்தில் உயரமான ஃபோம் ஒரு பக்கமாக அமுங்கி கணுக்கால் ஆடும். பாதம் உள்பக்கம் அதிகம் சாய்பவர்களுக்கு இது இன்னும் கூடும். தண்ணீர் குடிக்க நின்று நடக்கும்போது முன்பாதம் உருண்டு தள்ளும். மெல்லிய மேல்துணியில் லேஸை இறுக்கினால் பாதத்தின் மேல் கோடு விழும், தளர்த்தினால் குதிகால் வழுக்கும். கடைசியில் இருக்கும் கூடுதல் துளையில் லேஸை உள்ளே விட்டு வளையமாக்கி, எதிர்ப்பக்க லேஸை அதன் வழியே இழுத்துக் கட்டினால் குதிகால் அடங்கும். லேஸை மொத்தமாக இறுக்க வேண்டியிராது.

காயத்தைக் குறைக்கத்தான் பணம் செலவழிக்கிறீர்கள் என்றால், ஒரு பந்தய ஷூவின் விலையில் இரண்டு தினசரி ஷூ வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். லக்சம்பர்க்கில் 264 பேரை 22 வாரம் கவனித்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39% குறைவாக இருந்தது. ஷூவே காரணமா, மாற்றிப் போடுபவர்களின் பழக்கம் காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் இந்தச் செலவு வீண் போகாது.

யார் எதை எடுக்கலாம்?

ஓட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகாதவர், வாரம் 25 கி.மீ.க்குள் ஓடுபவர்: முதல் வகை, வேறு யோசனையே வேண்டாம். வாரம் நான்கு நாள் ஓடி, அதில் ஒரு நாள் வேக ஓட்டமும் வைத்திருப்பவருக்கு ஒரு தினசரி ஷூவும் இரண்டாம் வகையில் ஒன்றும் போதும். கிலோமீட்டரை ஐந்து நிமிடத்துக்குள் ஓடுபவருக்கும், குறிப்பிட்ட ஒரு நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று பந்தயத்துக்குப் போகிறவருக்கும் மூன்றாம் வகை பொருள் தரும்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: முதல் ஓட்டம் 20 நிமிடம், சமதளத்தில். பிறகு வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம், நான்கு வாரம் இப்படி. மறுநாள் கெண்டைக்கால் வழக்கத்தைவிட இறுகியிருந்தால் அடுத்த வாரம் தூரத்தைக் கூட்டாதீர்கள். மாரத்தானுக்கு முன் 15 முதல் 20 கி.மீ. வரை பந்தய வேகத்தில் ஒரு ஓட்டம் கட்டாயம். கொப்புளம் எங்கே வரும் என்று அதில்தான் தெரியும்.

பலன் இருக்கிறதா என்று கைக்கடிகாரத்தின் இதயத்துடிப்பை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. துடிப்பு 150 என்றால் 1% வித்தியாசம் ஒன்றரைத் துடிப்பு. வெயில், தூக்கம், காபி எல்லாம் இதைவிட அதிகமாக ஆட்டும். பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஒரே காலையில், ஒரே தடத்தில், ஒரே வேகத்தில், பழையது, புதியது, புதியது, பழையது என்ற வரிசையில் ஆறு ஆறு நிமிடம் ஓடி, ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு நிமிடத்தின் சராசரியை எடுங்கள். புதியதில் இரண்டு முறையும் துடிப்பு தெளிவாகக் கூடினால், பலன் கிடைக்காத கூட்டத்தில் நீங்கள் இருக்கலாம். குறைந்ததா, கூடியதா என்றே தெரியாவிட்டால் ஷூவைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பந்தயத்தன்று எடுங்கள்.