துப்பாக்கி நிறுவனங்கள் மீது யார் வழக்குத் தொடரலாம்? அமெரிக்க மாநிலங்களின் வெவ்வேறு வழிகள்

அமெரிக்காவில் துப்பாக்கியால் சுட்டவன் மீது வழக்குப் போடுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. அந்தத் துப்பாக்கியைச் செய்தவர், விற்றவர், அதற்கு விளம்பரம் செய்தவர் மீது இழப்பீடு கேட்டு வழக்குப் போடுவதுதான் கடினம். 1998 முதல் நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ போன்ற நகரங்கள் துப்பாக்கித் தொழில்துறை மீது அடுத்தடுத்து வழக்குத் தொடுத்தன. அதற்குப் பதிலடியாக நாடாளுமன்றம் ஒரு பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்ற, 2005 அக்டோபரில் அதிபர் புஷ் அதில் கையெழுத்திட்டார். மூன்றாம் நபர் ஒருவர் துப்பாக்கியைக் குற்றத்துக்குப் பயன்படுத்தினால், அதற்காகத் தயாரிப்பாளரையோ விற்பனையாளரையோ சிவில் நீதிமன்றத்துக்கு இழுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே சில விதிவிலக்குகள் இருக்கின்றன. முக்கியமானது இது: துப்பாக்கி விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ பொருந்தும் ஒரு மாநிலச் சட்டத்தை அல்லது கூட்டாட்சிச் சட்டத்தை ஒரு நிறுவனம் தெரிந்தே மீறி, அந்த மீறலால் பாதிப்பு நேர்ந்திருந்தால் வழக்கு நிற்கும். 2021-இலிருந்து மாநிலங்கள் இயற்றிவரும் புதிய சட்டங்கள் எல்லாமே இந்தச் சந்து வழியாக நுழைபவைதான். அவற்றுள் எந்த வடிவம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு உண்மையில் உதவும் என்பதே என் கேள்வி.

புதிய சட்டம் இல்லாமலேயே இந்தச் சந்தில் நுழைந்துகாட்டிய மாநிலம் கனெக்டிகட். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். ஒன்பது குடும்பங்கள், கொலைக்குப் பயன்பட்ட ரைபிளைத் தயாரித்த ரெமிங்டன் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. கொலையாளியின் தாய் அந்த ரைபிளைச் சட்டப்படிதான் வாங்கியிருந்தார். அதனால் விற்பனையில் தவறு என்ற வாதம் எடுபடவில்லை. மிஞ்சியது விளம்பரம். ரைபிளின் படத்தைப் போட்டு, இதை வாங்கினால் ஆண்மகன் என்ற அட்டை உங்களுக்கு மறுபடி வழங்கப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் வாசகம் எழுதியிருந்தார்கள். நேர்மையற்ற வணிக முறைகளைத் தடுக்கும் மாநிலத்தின் பொதுவான சட்டத்தை இந்த விளம்பரம் மீறியதாக வழக்காடலாம் என்று 2019 மார்ச்சில் கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2022 பிப்ரவரியில் 7 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. அதற்குள் ரெமிங்டன் இரண்டு முறை திவால் மனு போட்டுவிட்டதால் பணம் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து வந்தது.

பெரிய வெற்றிதான். ஆனாலும் அதை மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியாக வைக்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் குடும்பங்கள் வெறுங்கையோடு திரும்பியிருக்கும். அதற்கு முன்பே நியூயார்க் நகரத்தின் வழக்கு 2008-இலும், கலிஃபோர்னியாவிலிருந்து எழுந்த ஒரு வழக்கு 2009-இலும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் தோற்றிருந்தன. எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொதுச் சட்டம் போதாது என்பதே இரண்டிலும் சொல்லப்பட்ட காரணம்.

அந்தத் தோல்வியிலிருந்து நேரடியாகப் பாடம் கற்றது நியூயார்க். துப்பாக்கித் தொழிலின் பெயரைச் சொல்லியே எழுதப்பட்ட அதன் சட்டத்தில் 2021 ஜூலையில் ஆளுநர் கியூமோ கையெழுத்திட்டார். சட்டவிரோதமான அல்லது நியாயமற்ற நடத்தையின் மூலம், தெரிந்தோ பொறுப்பற்ற விதத்திலோ பொதுமக்களின் பாதுகாப்பைக் கெடுக்கும் நிலையை உருவாக்கினால் அது பொதுத் தொல்லை. மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல், நகர நிர்வாகங்களின் வழக்கறிஞர்கள், பாதிக்கப்பட்ட எவரும் வழக்குப் போடலாம். கதவு அகலமானது. ஆனால் ‘நியாயமற்ற நடத்தை’ எது என்பதை வழக்குக்கு வழக்கு வாதாடித்தான் நிறுவ வேண்டும். தொழில்துறைச் சங்கம் சட்டத்தையே எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2025 ஜூலையில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது.

நியூஜெர்சி 2022-இல் ஏறக்குறைய அதே வாசகத்தை எடுத்துக்கொண்டு, வழக்குப் போடும் உரிமையை அட்டர்னி ஜெனரலுக்கு மட்டும் கொடுத்தது. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அரசு அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆட்சி மாறி, அடுத்து வருபவருக்கு இதில் அக்கறை இல்லையென்றால் சட்டம் புத்தகத்தில் தூங்கும். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த உரிமையை நியூஜெர்சி சும்மா வைத்திருக்கவில்லை. துப்பாக்கிகளைப் பெட்டிகளோடு ஜன்னலோரம் அடுக்கிவைத்துத் திருட்டுக்கு இடம் கொடுத்ததாக ஒரு கடையின் மீது வழக்குத் தொடுத்தது. 2024 டிசம்பரில் நியூஜெர்சியும் மின்னசோட்டாவும் ஒரே நாளில் க்ளாக் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. நாணயம் அளவுள்ள ஒரு சில்லைப் பின்பக்கம் பொருத்தினால் க்ளாக் கைத்துப்பாக்கி விடாமல் சுடும் இயந்திரத் துப்பாக்கியாகிவிடும்; அது தெரிந்தும் நிறுவனம் வடிவமைப்பை மாற்றவில்லை என்பது குற்றச்சாட்டு. இத்தகைய வழக்கை நடத்தும் பணமும் ஆள்பலமும் ஒரு தனிக் குடும்பத்திடம் இருக்காது. அரசின் கையில் அதிகாரம் இருப்பது நல்லதுதான். அரசின் கையில் மட்டும் இருப்பதுதான் தவறு.

கலிஃபோர்னியாவின் சட்டம் 2022-இல் இயற்றப்பட்டு 2023 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிறுவனங்கள் எதைச் செய்ய வேண்டும் என்பதை வெளிப்படையாக எழுதிவைத்திருப்பது இதன் பலம். பினாமி பெயரில் வாங்குபவர்களுக்கும் கடத்தல்காரர்களுக்கும் விற்காமலிருக்கவும், சரக்கு திருட்டுப் போகாமலிருக்கவும் நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும். சிறுவர்களைக் குறிவைத்து விற்கக் கூடாது. இந்தத் தீங்கு நேரக்கூடும் என்று முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய அபாயத்தை நிறுவனத்தின் செயலோ அலட்சியமோ உண்டாக்கியது என்றும், அதைத் தடுக்கும் ஏற்பாட்டை நிறுவனம் செய்திருக்க முடியும் என்றும் வழக்குத் தொடுத்தவர் காட்டிவிட்டால், தகுந்த ஏற்பாடுகளைச் செய்திருந்ததாக நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல் விழுகிறது. கடைக்குள் நடந்ததற்கான ஆவணங்கள் எல்லாம் கடைக்காரரிடமே இருக்கும்போது, சுமையை இப்படி மாற்றுவதுதான் நியாயம். பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குப் போடலாம். அட்டர்னி ஜெனரலும் உள்ளாட்சி வழக்கறிஞர்களும் போடலாம்.

இல்லினாய்ஸ் 2023 ஆகஸ்டில் நுகர்வோர் மோசடிச் சட்டத்தைத் திருத்தியது. விளம்பரத்தைப் பொறுத்தவரை மிகக் கூர்மையானது இதுதான். 18 வயதுக்குட்பட்டோரைத் தூண்டும் விளம்பரமும், சட்டவிரோத ஆயுதக்குழு நடவடிக்கைகளை ஊக்குவிக்கும் விளம்பரமும் கூடாது. மிகையான கவலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 2022-இல் ராணுவத் துப்பாக்கியின் சாயலில் உள்ள ஏஆர்-15 வகை ரைபிள் ஒன்று, சிறுவர்களுக்கென்றே அளவைச் சுருக்கி, அறிமுகமானது. அதன் சின்னம், வாயில் குழந்தைகளின் ரப்பர் நிப்பிளை வைத்த மண்டை ஓடு.

குடித்துவிட்டு ஓட்டியவனுக்காகக் கார் கம்பெனியைக் கூண்டில் ஏற்றலாமா என்று தொழில்துறை கேட்கிறது. இந்தச் சட்டங்கள் துப்பாக்கி செய்ததற்காக யாரையும் தண்டிக்கவில்லை. ஒரே ஆள் வாரக் கணக்கில் வந்து ரொக்கம் கொடுத்துக் கைத்துப்பாக்கிகளை அள்ளிச் செல்லும்போது கண்ணை மூடிக்கொண்டதற்காகத்தான் கேள்வி கேட்கின்றன.

எதிர்த்திசையில் போகும் மாநிலங்களும் உண்டு. 1999-இல் இண்டியானாவின் கேரி நகரம் துப்பாக்கி நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தபோது, முன்தேதியிட்டு அதை ஒழிக்க அந்த மாநிலம் 2024-இல் சட்டமே இயற்றியது. கொலராடோவின் பழைய சட்டம் இதைவிடக் கொடியதாக இருந்தது. 2012-இல் அங்குள்ள அரோரா திரையரங்கில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மகளை இழந்த பெற்றோர், கொலையாளிக்குத் தோட்டா விற்ற இணையக் கடைகள் மீது வழக்குப் போட்டுத் தோற்றார்கள். எதிர்த்தரப்பின் வக்கீல் செலவாக இரண்டு லட்சம் டாலருக்கு மேல் அவர்களே கட்ட வேண்டும் என்று உத்தரவானது. தோற்றால் இந்தக் கதி என்றால் யார் படியேறுவார்கள்? கொலராடோ 2023-இல் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டுப் புதிய பொறுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

இனி சட்டம் எழுதப்போகும் மாநிலத்துக்கு நான் பரிந்துரைப்பது கலிஃபோர்னியாவின் வாசகத்தைத்தான், ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு. அசாதாரண ஆபத்துள்ள பொருள்களைத் தயாரிக்கவே கூடாது என்ற பிரிவு, ஆயுதம் வைத்திருக்கும் அரசியல் சாசன உரிமையோடு நேராக மோதுகிறது. எதிர்த்தரப்பு முதலில் தாக்குவது அதைத்தான். விளம்பரத்துக்கு இல்லினாய்ஸின் பிரிவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மெக்சிகோ அரசு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கி நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. குற்றத்துக்கு நிறுவனங்கள் உடந்தை என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னது போதவில்லை என்பதே காரணம். மாநிலங்களின் இந்தப் புதிய சட்டங்கள் செல்லுமா என்பதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. ஆகவே எந்தக் கடை, எந்த விற்பனை, எந்த விதிமீறல் என்று விரல்விட்டுக் காட்டும் வழக்குக்கு இடம் கொடுக்கும் சட்டமே அந்த நீதிமன்றத்தின் முன்னாலும் நிற்கக்கூடியது.