பெர்லினின் செவ்வாய், வெள்ளிச் சந்தை: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

காய்கறிக்குச் சூப்பர்மார்க்கெட்டை நம்புவதை நான் விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது வீட்டுக்குப் படியளப்பது நொய்கோல்ன் பக்கம் லாண்ட்வேர் கால்வாய்க் கரையில் கூடும் மைபாக்ஊஃபர் சந்தைதான். செவ்வாயும் வெள்ளியும் காலை 11 மணிக்குக் கூடி மாலை 6.30 வரை நடக்கும். ஊர்க்காரர்களுக்கு இது துருக்கிச் சந்தை. 1961 அக்டோபரில் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு வேலைக்கு ஆள் எடுத்தது. பெர்லினுக்கு வந்தவர்களில் நிறையப் பேர் வாடகை மலிவாக இருந்த க்ரொய்ட்ஸ்பெர்க், நொய்கோல்ன் பகுதிகளில் குடியேறினார்கள். அவர்கள் அடுப்புக்கு வேண்டியது இங்கே வந்தது, நம் அடுப்புக்கும் அதில் பாதி ஒத்துப்போகிறது: வெண்டைக்காய், சின்னக் கத்தரிக்காய், நீளப் பச்சை மிளகாய், புதினா, ஒரு கையில் பிடிக்க முடியாத கொத்தமல்லிக் கட்டு. சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் நாலு தண்டு கொத்தமல்லி வாங்கி நொந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எந்த நேரத்துக்குப் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மதியம் போனால் சரக்கு நன்றாக இருக்கும். விலைப் பலகையில் எந்த நாட்டிலிருந்து வந்தது, முதல் தரமா இரண்டாம் தரமா என்பதும் எழுதியிருக்கும். அந்த நேரத்தில் பேரம் பேசிப் பிரயோஜனம் இல்லை. ஐந்து மணி தாண்டியதும் காட்சி மாறும். "ஐன் ஒய்ரோ, ஐன் ஒய்ரோ" என்று தொண்டை கிழியக் கூவ ஆரம்பிப்பார்கள். எடை போட்டு விற்றதெல்லாம் கூறு கட்டிக் கிண்ணத்துக்கு ஒரு யூரோ என்றாகும். கடைசி அரை மணியில் பெட்டியோடு தள்ளிவிடுவார்கள். நாம் வாயே திறக்க வேண்டாம், விலை தானாக இறங்கும்.

பெட்டி வாங்குகிறவர்கள் அடி வரிசையைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். மேலே பளபளவென்று இருக்கும், கீழே கசிந்திருக்கும். அந்த நேரத்து மாம்பழமும் அவகாடோவும் அன்று ராத்திரியே தின்று தீர்க்க வேண்டியவை. ஸ்ட்ராபெரி மறுநாள் காலையில் பூஞ்சை பிடித்துவிடும். எலுமிச்சை, மிளகாய், குடைமிளகாய், கத்தரிக்காய் பரவாயில்லை, வாரம் தாங்கும். கீரை வகை வேண்டுமென்றால் மதியமே போய்விடுங்கள்.

நான் வழக்கமாக வாங்கும் ஆரஞ்சுக்காரர் ஒருவர் இருக்கிறார். கூவிக்கொண்டே ஒரு பழத்தை அறுப்பார், கத்தி முனையில் ஒரு துண்டைக் குத்தி நம் முகத்துக்கு நேரே நீட்டுவார். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கோபம் கிடையாது. ஆனால் அவர் கை போகும் திசையைக் கவனிக்க வேண்டும். முன்வரிசை அலங்காரத்துக்கு, பையில் விழுவது பின்வரிசைப் பழம். விரலைக் காட்டி "இதிலிருந்து" என்றால் சிரித்துக்கொண்டே எடுத்துப் போடுவார், சில நாள் ஒன்று கொசுறாகவும் விழும். சில கடைகளில் பையை நம் கையில் கொடுத்துப் பொறுக்கச் சொல்வார்கள். வேறு சில கடைகளில், முக்கியமாக இயற்கை விளைபொருள் விற்கும் இடங்களில், தொட்டாலே முகம் சுளிப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்து அதையே செய்வது உத்தமம்.

காசு விஷயம். பாதிக் கடைகளில் இன்னமும் ரொக்கம்தான். ஒரு யூரோ கூறுக்கு 50 யூரோ நோட்டை நீட்டினால் விற்பவரிடமிருந்து பெருமூச்சு வரும். சில்லறை கனக்கத்தான் செய்கிறது, வேறு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மூடிக் கிடப்பதற்குப் புதிதாக வருகிறவர்கள் பழகிக்கொள்ள வேண்டும். இது வெறும் வழக்கம் இல்லை. 1919இன் வைமார் அரசியல் சட்டத்தில் ஞாயிறு ஓய்வுக்காக இருந்த பிரிவை இன்றைய அரசியல் சட்டமும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. பெரிய ரயில் நிலையக் கடைகளும், மூலைக்கு மூலை இருக்கும் ஷ்பேட்டி என்னும் சின்னக் கடைகளும்தான் கைகொடுக்கும். அதனால் சனி மாலை சூப்பர்மார்க்கெட் வரிசையைப் பார்த்தால் நாளைக்கு ஊரடங்கோ என்று தோன்றும். ஞாயிற்றுக்குப் பொழுதுபோக்கு மவுவர்பார்க்கின் பழைய சாமான் சந்தை. அங்கே மட்டும் தாராளமாகப் பேரம் பேசலாம். ஆனால் சுற்றுலாக்காரர்கள் பெருகியதால் விலை ஏறிவிட்டது, நான் இப்போது வேடிக்கை பார்க்க மட்டும் போகிறேன்.

காலி பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட், சாதாரணப் பியர் பாட்டிலுக்கு 8 சென்ட் முன்பணம் விலையோடு சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் காட்டினால் காசு. வெளியில் குடித்து முடித்தவர்கள் பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போவார்கள். அதைப் பொறுக்கிப் பிழைப்பவர்கள் தொட்டிக்குள் கைவிடாமல் இருக்கத்தான். அவர்களில் வயதானவர்களைப் பார்க்கும்போது, இவ்வளவு பணக்கார நாட்டில் இது என்ன என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பிடிக்காதவையும் சொல்லிவிடுகிறேன். வெயில் நாளில் சந்தைக்குள் கூட்டம் நகராது, பர்ஸை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், கால்வாய்க் காற்று காதை அறுக்கும். அந்த மாதங்களில் கடைகளும் குறையும். நடந்து போகும்போது சைக்கிள் பாதையில் கால் வைத்தால் மணிச் சத்தத்தோடு திட்டும் சேர்ந்து வரும், அதில் உள்ளூர்க்காரர் வெளிநாட்டுக்காரர் பேதமே கிடையாது.

அப்புறம், இந்தச் சந்தையில் கறிவேப்பிலையைத் தேடி அலைய வேண்டாம். ஈழத் தமிழர் கடைக்குத்தான் போக வேண்டும். புதுச் சரக்கு என்றைக்கு இறங்குகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு அன்று மாலையே போய்விடுங்கள், மறுநாள் காம்புதான் மிஞ்சும்.