சிவப்பணுவா, இதயத் தசைச் செல்லா: ஆற்றல் கணக்கு

ஒரு சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஏறத்தாழ 27 கோடி உள்ளன. உடம்பெங்கும் ஆக்சிஜனைக் கொண்டுசேர்ப்பது சிவப்பணுதான். ஆனால், பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டு இலையில் உட்காராமலே போகிறவரைப் போல, தன் ஆற்றலுக்கு அதைத் தொடுவதே இல்லை. முதிரும்போதே உட்கருவோடு, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிடுகிறது. மிஞ்சுவது ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைக்கும் கிளைக்காலிசிஸ் மட்டுமே: ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக 2 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்), கழிவாக லாக்டேட்.

இதயத் தசைச் செல் நேர் எதிர். அதன் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான். அதே ஒரு குளுக்கோஸிலிருந்து 30 முதல் 32 ஏடிபி வரை கறந்துவிடுகிறது. (பழைய பாடநூல்கள் 36, 38 என்று சொல்லும், மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் புரோட்டான்கள் கசிந்து வீணாவதையும் பொருட்களை அதனூடே கடத்தும் செலவையும் கழித்தால் அவ்வளவு தேறாது.) இத்தனைக்கும் குளுக்கோஸ் அதன் முதல் விருப்பம் அல்ல. பெரும்பங்கு ஆற்றல் கொழுப்பு அமிலங்களிலிருந்து வருகிறது.

எது மேல்? ஏடிபியை மட்டும் எண்ணினால் இதயச் செல்தான். ஆனால் சிவப்பணுவைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். சுருங்கி விரிந்து உழைக்க வேண்டிய தேவை அதற்கில்லை. சவ்வில் சோடியம், பொட்டாசியம் சமநிலையைக் காக்க அந்தச் சொற்ப வருமானம் போதும், 120 நாள் ஓடிவிடுகிறது. இதயச் செல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ரத்தக்குழாய் முழுவதும் அடைபட்டு 20 நிமிடங்களைத் தாண்டினால் மடியத் தொடங்கிவிடும்.

இன்னொன்று: சிவப்பணு கழித்துவிட்ட லாக்டேட்டையும் இதயச் செல் விடுவதில்லை, பைருவேட்டாக (குளுக்கோஸ் உடையும்போது வரும் இடைப்பொருள்) மாற்றி அதையும் எரித்துக்கொள்கிறது.