கூகுள் கீப்பா, அப்சிடியனா?

"குறிப்பெல்லாம் எதுல வைக்கிறது?" என்று கேட்பவர்கள் பலர் கடைசியில் இந்த இரண்டு குறிப்புச் செயலிகளில்தான் வந்து நிற்கிறார்கள்.

செலவு: இரண்டுமே இலவசம். அப்சிடியனில் போனையும் கணினியையும் இணைக்க அவர்களுடைய ஒத்திசைவுச் சேவையை எடுத்தால் மட்டும் சந்தா. கீப்பில் அது தானாக நடக்கும்.

வேகம்: கீப்தான். பஸ்ஸில் தொங்கிக்கொண்டே ஒற்றைக் கையால் "கேஸ் புக் பண்ணணும்" என்று தட்டிவிடலாம். அப்சிடியனில் கோப்புறையைத் தேடுவதற்குள் ஸ்டாப்பிங் வந்துவிடும்.

ஆயுள்: இங்கேதான் கதை மாறுகிறது. அப்சிடியன் ஒவ்வொரு குறிப்பையும் உங்கள் கணினியிலேயே மார்க்டவுன் கோப்பாக, அதாவது வெறும் எழுத்துக் கோப்பாக வைக்கிறது. நாளைக்கே செயலி இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். கீப்பில் உள்ளது கூகுள் கணக்கோடு கட்டுண்டது. டேக்அவுட் என்ற கூகுளின் தரவிறக்க வசதி வழியாகத்தான் மொத்தமாக வெளியே எடுக்க வேண்டும்.

அடுக்குதல்: கீப்பில் லேபிள், வண்ணம். 400 குறிப்பைத் தாண்டியதும் மஞ்சள் எதற்கு, பச்சை எதற்கு என்று எனக்கே மறந்துபோனது. அப்சிடியனில் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் தலைப்பை எழுதினால் அந்தக் குறிப்புக்கு இணைப்பு விழும்.

மளிகைப் பட்டியல், நினைவூட்டல் என்றால் கீப். தேர்வுத் தயாரிப்பு, ஆய்வு என்றால் அப்சிடியன். நான் கீப்பில் கிறுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தேறியதை மட்டும் அப்சிடியனுக்கு மாற்றுகிறேன். பாதிகூடத் தேறுவதில்லை.