தறி நின்னா பாடமும் நிக்கோணுமா? ஏழு வருட அனுபவம்

எங்கள் பள்ளிக்கூடத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு தறிக்குடோன் இருக்கிறது. பன்னிரண்டு விசைத்தறி. பிரேயர் மணி அடிப்பதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிடும். புதிதாக மாறுதலில் வருகிற ஆசிரியர்கள் ஒரு வாரம் தலைவலி என்பார்கள், அப்புறம் பழகிவிடும். எனக்கு அந்தச் சத்தத்தில் ஒரு வசதி உண்டு. அது நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம், ஃபேனை நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை.

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஆறு முதல் எட்டு வரை கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். 2018-ல் இருந்து கைபேசி, மடிக்கணினி, புரொஜெக்டர், செயலிகள் என்று வகுப்பில் எதை எதையோ கொண்டு போயிருக்கிறேன். எதைப் போட்டால் நல்லது என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் பார்க்கிற முதல் விஷயம் ஒன்றுதான்: தறி நின்ற பிறகும் இது வேலை செய்யுமா?

ஆரம்பம் க்யூஆர் கோடில் இருந்து. தீக்‌ஷா என்கிற அரசின் பாடக் காணொளித் தளம் 2017 ஆசிரியர் தினத்தன்று வந்தது. அடுத்த வருடமே புதுப் பாடப்புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டமாக அந்தக் கோடு அச்சாகி வந்தது. பிள்ளைகளுக்கு அது கோலம் மாதிரி ஒரு அதிசயம். ஆனால் எங்கள் வளாகத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் தண்ணித் தொட்டிப் படிக்கட்டு மட்டும்தான். அங்கே முப்பத்தெட்டுப் பேரை நிறுத்தி ஒரு கைபேசியைக் காட்டினால் முன்வரிசை ஐந்து பேர் பார்ப்பார்கள், மற்றவர்கள் தொட்டியில் கை விடுவார்கள். இரண்டு மாதத்தில் புத்தி வந்தது. எதுவாக இருந்தாலும் முதல் நாள் ராத்திரி வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு போவேன். இன்றைக்கும் அதுதான் வழக்கம்.

அப்புறம் ஊர்க்காரர் ஒருவர் புரொஜெக்டர் வாங்கிக் கொடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தை மறைக்க சென்னிமலைப் போர்வை இரண்டைக் கட்டினோம். கொட்டகையில் படம் பார்ப்பது போல அப்படி ஒரு அமைதி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள், "நேத்து இலையைப் பத்தி என்ன பார்த்தோம்?" என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, "அந்த மாமா கண்ணாடி போட்டிருந்தாருங் டீச்சர்" என்றான். பாடம் சொன்னவரின் கண்ணாடி மட்டும்தான் மனதில் தங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று நிமிடத்துக்கு மேல் எந்தக் காணொளியையும் தொடர்ந்து ஓட விடுவதில்லை. நிறுத்துவேன், கேட்பேன், நோட்டில் படம் போடச் சொல்வேன். அரைமணிக் காணொளியைப் போட்டுவிட்டு நோட்டுத் திருத்துகிற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்ததுண்டு.

கொரோனா காலத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி எங்கள் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, டிவி இருந்த வீட்டுக்கு அது உதவியது. வாட்ஸ்அப்பில் காணொளி அனுப்பிப் பார்த்தேன், பாதி வீட்டில் திறக்கவே இல்லை. டேட்டா தீர்ந்துவிடும், இல்லாவிட்டால் ஷிப்ட்டுக்குப் போகிற அப்பாவோடு கைபேசியும் போய்விடும். கடைசியில் கைகொடுத்தது மூன்று நிமிட ஆடியோதான். ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு பிள்ளை வாய்ப்பாடு சொல்லி அனுப்பியிருந்தாள். பின்னால் தடக்கு தடக்கென்று தறிச் சத்தம். அப்பாவின் கைபேசியைத் தேடிக் குடோனுக்கே போய் நின்று சொல்லியிருக்கிறாள். அந்த ஆடியோவை நான் இன்னும் அழிக்கவில்லை.

பள்ளி திறந்ததும் வினாடி வினா செயலிகள் மேல் ஒரு மோகம். ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு கைபேசி இருக்க வேண்டும் என்கிற வகையெல்லாம் நமக்கு ஆகாது. ஒன்றில் ஆசை ஆசையாக நாற்பது கேள்வித்தாள் போட்டு வைத்தேன். திடீரென்று பாதி வசதியைக் கட்டணத்துக்குள் தள்ளிவிட்டார்கள். என் கேள்வியைப் பார்க்க நானே காசு கட்ட வேண்டுமாம். அன்றிலிருந்து கேள்விகளைத் தனியாக ஒரு எக்செல் கோப்பில்தான் வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இந்தத் தேடலில்தான் ப்ளிக்கர்ஸ் என்கிற வினாடி வினா செயலி கிடைத்தது. ஏழு வருடத்தில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் யோசிக்காமல் இதைத்தான் வைத்துக்கொள்வேன். பிள்ளைகளிடம் எந்தக் கருவியும் வேண்டாம். தளத்தில் இருந்து அட்டைகளை அச்செடுக்க வேண்டும். ஒரு தாளுக்கு இரண்டு, நாற்பது அட்டைக்கு இருபது தாள். ஒவ்வொன்றிலும் கருப்பு வெள்ளையில் ஒரு வடிவம், ஒவ்வொன்றும் வேறு வேறு. நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வருகிற மாதிரி திருப்பிப் பிடிக்க வேண்டும். நான் முன்னால் நின்று கைபேசிக் கேமராவை இடமிருந்து வலமாக ஓட்டினால் போதும், யார் என்ன விடை என்று வந்துவிடும். எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

முதல் தடவை சொதப்பியது நான்தான். அட்டை கிழியக்கூடாது என்று பல்லடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர், "லேமினேஷன் போட்டரலாமுங்களா டீச்சர்? பளபளன்னு இருக்குமுங்க" என்றார். பளபளவென்றுதான் இருந்தது. ஜன்னல் வெயில் பட்டு அட்டைகளெல்லாம் கண்ணாடி மாதிரி மின்ன, கேமராவுக்குப் பாதிப் பேர் கண்ணில் படவே இல்லை. செலவழித்த காசு போனது. இப்போது மறுபடியும் வெறும் தாளில் எடுத்து, பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறோம். மூன்று வருடமாக அதே அட்டைகள்தான்.

இது என்ன செய்தது என்று ஒரு உதாரணம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எங்கள் வகுப்பு ஒரே குரலில் "புரிஞ்சுதுங் டீச்சர்" என்று ராகம் போடும். ஆறாம் வகுப்பில் பின்னம் முடித்த அன்று அட்டையைக் கொடுத்து, ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று, இதில் எது பெரியது என்று கேட்டேன். முப்பத்து நான்கு பேரில் பத்தொன்பது பேர் எட்டில் ஒன்றுதான் பெரியது என்று திருப்பியிருந்தார்கள். எட்டு பெரிய எண்ணாயிற்றே! எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. இத்தனை வருடம் அந்த ராகத்தை நம்பியிருக்கிறேன். சாயங்காலமே பேக்கரியில் இரண்டு தேங்காய் பன் வாங்கி வைத்தேன். மறுநாள் ஒன்றை ஆறு பேருக்கும் இன்னொன்றை எட்டுப் பேருக்கும் பங்கு வைத்தோம். எட்டுப் பேர் கூட்டத்தில் இருந்தவர்கள் போட்ட கூச்சலிலேயே பாடம் முடிந்துவிட்டது. திரும்பவும் அட்டை தூக்கச் சொன்னபோது தவறு நான்கு. பன்தான் பாடம் நடத்தியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பன் வாங்க வேண்டும் என்று சொன்னது அட்டை.

ஒரு சின்ன எச்சரிக்கை. இது மாதிரித் தளங்களில் பிள்ளைகளின் பெயரைப் போடாதீர்கள், வரிசை எண் போதும். அட்டை எண்ணும் அதுவாகவே இருந்தால் குழப்பம் இல்லை.

ஜியோஜிப்ராவைப் பற்றிக் கணக்கு ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடிவங்களைத் திரையில் வரைந்து இழுத்துப் பார்க்கிற மென்பொருள். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் ஆரம்பித்தது. இலவசம், கணினியில் நிறுவிவிட்டால் நெட் வேண்டாம். முக்கோணத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறுவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஒருநாள் பின்பெஞ்சில் இருந்து ஒருத்தன், "டீச்சர், கூட்டினா 179.99-தானுங் வருது. நீங்க 180-ன்னீங்க" என்றான். திரையில் இருந்த மூன்று கோணத்தையும் நோட்டில் கூட்டியிருக்கிறான். ஒவ்வொன்றையும் இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கிக் காட்டுவதால் வருகிற வித்தியாசம் அது. அன்றைக்கு முக்கோணத்தை விட்டுவிட்டு முழுமையாக்கலை எடுத்தேன். புத்தகத்தில் மாதக்கணக்கில் தள்ளியிருந்த பாடம்.

அறிவியலுக்கு ஃபெட், திரையிலேயே சோதனை செய்து பார்க்கிற தளம். நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002-ல் அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கோப்பாக இறக்கி பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம், நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். சிலது தமிழிலும் உண்டு. ஆறாம் வகுப்பு மின்னியலுக்கு மின்சுற்று கட்டுகிற ஒன்றைப் போட்டேன். பேட்டரி, ஒயர், பல்பு என்று இழுத்து இழுத்துச் சேர்க்கலாம். பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் ஒயரால் சேர்த்தால் திரையில் தீப்பிடிக்கும். இதைக் கண்டுபிடிக்க எங்கள் பையன்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "எங்கப்பா குடோன்லயும் இப்படித்தானுங் பீஸ் போச்சு" என்று ஒருத்தன் விளக்கமே கொடுத்தான்.

அந்த வகுப்பில் ஒடிசாவில் இருந்து வந்த ஒரு பிள்ளை இருந்தாள். அம்மா அப்பா இருவரும் பனியன் கம்பெனி வேலை. வந்து இரண்டு மாதம் ஆகியும் வாயைத் திறந்ததில்லை, எழுதிப் போட்டதைப் பார்த்து வரைவாள், அவ்வளவுதான். மடிக்கணினி அவள் பக்கம் போனபோது இரண்டு பல்பைப் பக்க இணைப்பில் சேர்த்தாள். ஒன்றைக் கழற்றினாள், மற்றது எரிந்துகொண்டே இருந்தது. பிறகு தொடரிணைப்பில் சேர்த்துக் கழற்றினாள், இரண்டும் அணைந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியதை அவள் விரலே சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்த பிள்ளைதான், "கண்ணு, எனக்கும் ஒருக்கா காட்டு" என்று அவள் தோளில் கை போட்டாள்.

வாசிப்பைக் காதால் கேட்டுத் திருத்துகிற செயலி ஒன்றும் வைத்துப் பார்த்தோம். வீட்டில் அமைதியாக இருக்கிறவர்களுக்கு நல்லதாக இருக்கலாம். பன்னிரண்டு தறிக்குப் பக்கத்தில் அதற்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பெண், "இது என்ற பேச்சைக் கேக்கவே மாட்டீங்குதுங் டீச்சர்" என்று கைபேசியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதோடு விட்டுவிட்டேன்.

அப்போதுதான் இந்தத் தறியோடு சண்டை போடுவதை நிறுத்தலாம் என்று தோன்றியது. எட்டாம் வகுப்பைக் குடோனுக்குக் கூட்டிப் போனேன். கைபேசியில் ஸ்லோமோஷன் வைத்து ஒரு தறியைப் பத்து நொடி எடுத்தோம். திரும்ப ஓட்டும்போது எட்டு மடங்கு மெதுவாக ஓடுகிறது. குறுக்கு நூலைக் கொண்டு போகிற, கண்ணுக்கே சிக்காத நாடா ஆடி அசைந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போவதைப் பார்த்ததும், தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளே அசந்துவிட்டார்கள். எண்ணினார்கள், பத்து நொடிக்கு 24. அப்படியானால் நிமிடத்துக்கு 144. அங்குலத்துக்கு 48 பிக் துணி என்றார் குடோன்காரர். நாடா ஒரு தடவை குறுக்கே போனால் ஒரு பிக். நிமிடத்துக்கு மூன்று அங்குலம், ஒரு மணி நேரத்துக்கு நாலரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்று பிள்ளைகள் போர்டு இல்லாமலே சொல்லிவிட்டார்கள். அவர் சிரித்தார். "நூல் அறுந்து நிக்கிறதை யாருங் கணக்குல சேக்கிறது?" என்றார். சதவீதப் பாடத்துக்கு அடுத்த கேள்வி தயார். திரும்பி வரும்போது தேய்ந்துபோன பழைய மர நாடா இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அது ஃபைஃபாக்ஸுக்காக. ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட செயலி. கைபேசிக்குள் இருக்கிற உணரிகளையெல்லாம் அளவுக்கருவியாக்கிவிடும். இலவசம், நெட் வேண்டாம். அதில் ஒலி கேட்டால் ஓட ஆரம்பித்து, அடுத்த ஒலிக்கு நிற்கிற கடிகாரம் ஒன்று இருக்கிறது. இரண்டு கைபேசியைப் பத்து மீட்டர் இடைவெளியில் வைத்து, முதலில் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அப்புறம் அந்தப் பக்கம் ஒரு தட்டு. ஒலி போய்ச் சேர நேரம் எடுப்பதால் இரண்டிலும் வேறு வேறு நேரம் காட்டும். அந்த வித்தியாசத்தை வைத்து ஒலியின் வேகத்தைப் போட்டுவிடலாம், ஒலி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் போன இருபது மீட்டரை அதனால் வகுத்தால் சரி. சத்துணவுத் தட்டில் கரண்டியால் தட்டிப் பார்த்தோம். தட்டு ரீங்காரம் போடுவதில் கடிகாரம் ஓடின வேகத்தில் நின்றுவிடுகிறது. இரண்டு நாடாவை ஒன்றோடொன்று அடித்தால் வெட்டினாற்போல ஒரே 'டக்'.

ஆனால் தறி ஓடுகிற வரை இது நடக்காது. அந்தச் சத்தத்திலேயே கடிகாரம் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடி ஓடி நிற்கும். அதனால் மாதாந்திரப் பராமரிப்புக்காக காலை 9 மணியில் இருந்து மாலை வரை மின்தடை என்று பேப்பரில் எங்கள் ஊர் பெயர் வரும் நாளுக்காக இப்போதெல்லாம் காத்திருக்கிறேன். புரொஜெக்டருக்கு விடுமுறை, ஃபேன் இல்லை, ஊரே கிணற்றுக்குள் இருப்பது போல நிசப்தம். போன மாதம் அப்படி ஒரு நாள் எட்டாம் வகுப்பை மைதானத்தில் இறக்கினேன். என் கைபேசி ஒரு பக்கம், தமிழய்யா கைபேசி ஒரு பக்கம். ஒன்றில் 1.642, இன்னொன்றில் 1.585. வித்தியாசம் 0.057. நொடிக்கு 351 மீட்டர் வந்தது. புத்தகத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். வெயில்தான் காரணம், காற்று சூடாக இருந்தால் ஒலி வேகமாகப் போகும் என்றேன். நம்பவில்லை. நிழலில் ஒரு தடவை செய்து பார்க்கலாம் என்று வேப்பமரத்தடிக்கு மாறினோம். பத்தடி தள்ளி நிழலுக்குப் போவதால் பெரிதாக மாறாது என்று எனக்குத் தெரியும், ஆனால் செய்து பார்க்கட்டுமே.

பையன் நாடாவைத் தூக்கி ஒரு 'டக்' வைத்தான். இரண்டு கடிகாரமும் ஓட ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்து மதில் மேல் ஒரு தலை. குடோன்காரர்.

"ஏனுங் டீச்சர், கரண்ட் இல்லாதப்ப நாடாச் சத்தம் கேக்குதேன்னு எட்டிப் பார்த்தனுங்!"

இரண்டும் நின்றுவிட்டன. "அய்யோ மாமா!" என்று இருபத்தெட்டுப் பேரும் ஒரே கத்தாகக் கத்தினார்கள். மறுபடியும் முதலில் இருந்து.